காப்புக் கட்டிய கையும் மேசை ரம்பமும்

மலேசியாவின் கமுந்திங்கில் நாற்காலித் தொழிற்சாலையை மூடியபோது ஆளாளுக்கு வேறு வேலை தேடிப் போனார்கள். குமுதா மட்டும் அங்கிருந்த, மேசை நடுவே வட்டப் பல் சுழலும் பழைய மேசை ரம்பத்தைக் கேட்டு வாங்கி, லாரியில் ஏற்றி, தன் வீட்டுப் பின்கட்டில் இறக்கிவைத்தாள். நாத்தனார்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

தம்பி கார்த்திகேசுவுக்கு ரம்பத்தைவிட அக்காவின் கெடுபிடிதான் பயம். வேலை தொடங்குமுன் வளையல்களைக் கழற்றி ஆணியில் மாட்டுவாள். தாலியைச் சட்டைக்குள் போட்டுக் கழுத்துவரை பித்தான் போடுவாள். ரம்பத்துக்கு நேரே நிற்கவே மாட்டாள். பலகை திருப்பி அடித்தால் வயிற்றில் வாங்க வேண்டியதுதான். கடைசி ஒரு சாண் பலகையைக் கையால் தள்ளாமல், அதற்கென்றே செய்த ஒரு குச்சியால் தள்ளுவாள். கிழட்டு இயந்திரம், நிறுத்தின பிறகும் வெகுநேரம் சுற்றும். பிளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு, பல் ஒவ்வொன்றும் கண்ணுக்குத் தெரியும்வரை அசையாமல் நிற்பாள்.

"என்னக்கா, தீபாராதனையா காட்டுறாங்க?" என்று கார்த்திகேசு கிண்டல் செய்வான். அவள் கண் பல்லைவிட்டு நகராது. தொழிற்சாலையில் கூட வேலை செய்த பிரமிளாவுக்கு இந்த ரம்பத்தில் இரண்டு விரல் போன அன்று பக்கத்தில் நின்றவள் அவள்.

இந்த வருடம் மாரியம்மன் திருவிழாவுக்கு அக்காளும் தம்பியும் சேர்ந்து காப்புக் கட்டினார்கள். பக்கவாதத்தில் விழுந்த கணவர் ஜெயபாலன் எழுந்து நடந்ததற்காக அவள் பால்குடம் எடுக்கிறாள். கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்துப் பிறந்த மகளுக்காக அவன் காவடி எடுக்கிறான். அதுவும் சும்மா இல்லை. வீட்டார் கையால் செய்த காவடியைத்தான் சுமப்பேன் என்று வேண்டிக்கொண்டிருந்தான்.

"பலகையைக் காப்புக் கட்டறதுக்கு முன்னாலயே கொண்டாந்துரு" என்று குமுதா மூன்று தடவை சொல்லியிருந்தாள். தம்பி ஐயா திருவிழாவுக்கு முந்தின நாள் காலையில் பலகையோடு வந்து நின்றார்.

குமுதா மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினாள். மஞ்சள் கயிறு, அதில் தொங்கும் மஞ்சள் துண்டு. திருவிழா முடியாமல் அதை அவிழ்க்கக் கூடாது. அது கையில் தொங்க ரம்பத்தின் முன்னே நிற்கவும் கூடாது.

"அஞ்சு நிமிச வேலைதான லா. கிளவுஸ் போட்டு மறைச்சுக்க."

"பிரமிளா கையில இருந்ததும் கிளவுஸ்தான். பல்லுல மாட்டுச்சுன்னா கையையும் சேர்த்து இழுத்துரும்."

"அப்ப நான் அறுக்கிறேன்."

"உன் கையில மட்டும் என்ன கட்டியிருக்கு?"

அவனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நாளை காலை காவடி இல்லாமல் மகளைத் தூக்கிக்கொண்டு எந்த முகத்தோடு கோயிலில் நிற்பது? "சாமி கயிறுக்கா இது. நம்மளக் காப்பாத்தாதா?"

"காப்பாத்தும். அதான் ஆறு நாளா என்னை மெஷின் பக்கம் போகவிடாம வச்சிருக்கு."

சொல்லிவிட்டுச் சுவரில் தொங்கிய கைரம்பத்தை எடுத்தாள். பலகையைப் பெஞ்சில் கிடத்தி, முழங்காலால் அழுத்தி, கோட்டின்மேல் இழுக்கத் தொடங்கினாள். கார்த்திகேசு முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். விரதத்தில் இருக்கிறவள், ஐம்பத்து நாலு வயது, நீளவாக்கில் ஆறு அடிப் பலகை. அவனால் தாங்க முடியவில்லை. "குடுக்கா" என்று வாங்கிக்கொண்டான்.

மாறி மாறி அறுத்தார்கள். ஜெயபாலன் மெல்ல நடந்து வந்து, வலுக் குறைந்த இடக்கையை வலக்கையால் தூக்கிப் பலகையின் நுனியில் வைத்து, மேலே சாய்ந்துகொண்டார். யாரும் அவரைப் போய் உட்காரச் சொல்லவில்லை. வளைவுகளை அறுத்து, தண்டைச் சீவி, ஆணி அடித்து முடிக்கச் சாயங்காலமாகிவிட்டது. ஐந்து நிமிட வேலைக்கு ஒரு பகல் முழுக்கப் போனது. மேசை ரம்பம் அத்தனை நேரமும் சாக்கு போர்த்திய மேனிக்கு மூலையில் கிடந்தது.

மறுநாள் ஊர்வலத்தில் கார்த்திகேசு காவடியோடு அக்காவுக்குப் பின்னால் நடந்தான். தோளில் தண்டு கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. மனைவியின் இடுப்பிலிருந்த மகள் காவடியைத் தொட எட்டி எட்டிப் பார்த்தாள். முன்னே குமுதா தலையில் வைத்த பால்குடத்தை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். உள்ளங்கை ஓரத்தில் கொப்புளம் உடைந்து சிவந்திருந்தது. நேற்றுத் தான் கேட்டதற்கு அவள் சரி என்று சொல்லியிருந்தால் என்று நினைத்ததும் எட்டி அடி வைத்து அவளை நெருங்கினான்.

கூட்டத்தில் எல்லாரும் அம்மனைப் பார்த்துக் கும்பிட்டார்கள். அவன் குடத்தைச் சுற்றியிருந்த பத்து விரல்களையும் பார்த்துக்கொண்டே நடந்தான்.