கட்டளை வண்டியில் ஒரு பஸ் மணி

எண்பதுகளின் தொடக்கத்தில் மலேசியாவின் ஈப்போவில், பஸ்ஸுக்குப் பாடி கட்டும் ஒரு பட்டறையில் நான் பிளான் வரைபவனாக இருந்தேன். வெறும் சேசிஸாக உள்ளே வருவது நாற்பது இருக்கை பஸ்ஸாக வெளியே போகும். பத்து வருடம் அதையே வரைந்ததில் எனக்குக் கொஞ்சம் கொழுப்பு ஏறியிருந்தது. கண்ணைக் கட்டிவிட்டாலும் பஸ் வரைவேன் என்று சொல்லிக்கொண்டு திரிவேன். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே பஸ்ஸை வரைந்து மாட்டிக்கொண்ட கதை இது.

ஒருநாள் எங்கள் சீன முதலாளி ஒரு கடிதத்தை ஆட்டிக்கொண்டு என் மேசைக்கு வந்தார். வெள்ளம், நிலச்சரிவு என்றால் ஓடுகிற ஒரு மீட்புப் படைக்குக் கட்டளை வண்டி வேண்டுமாம். அதிகாரி அதற்குள் உட்கார்ந்து வரைபடத்தை விரித்து, வயர்லெஸ்ஸில் நாலு பக்கமும் உத்தரவு போட வேண்டும். "ஆபீஸுக்குச் சக்கரம் வைத்துக் கொடு" என்றார் மலாயில். வண்டி சரியாக அமைந்தால் எனக்கென்று தனி அறை, அதில் ஒரு மின்விசிறி என்றும் சொன்னார். ஈப்போ வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே பத்து வருடம் வெந்தவனுக்கு மின்விசிறி என்றால் சும்மாவா?

கட்டளை போடும் இடம் என்று நான் வாழ்நாளில் பார்த்தது எஸ்டேட் ஆபீஸை மட்டும்தான். கணக்கு எழுதும் கிராணி உள்ளே உயரமான மேசையில் இருப்பார், நாங்கள் ஜன்னலுக்கு வெளியே நிற்போம். ஆகவே என் பிளானிலும் மேசை உயரமாகவும் ஜன்னல் சின்னதாகவும் வந்தன. அதிகாரி ரகசியம் பேசுவாரே, ஓட்டுநர் காதில் விழலாமா என்று நடுவில் ஒரு கெட்டியான பலகைச் சுவரையும் எழுப்பினேன். இரண்டு பேரும் பேசிக்கொள்ள இண்டர்காம் வைத்தேன். அதற்கும் வயர்லெஸ்ஸுக்கும் கரண்டு கொடுக்கப் பின்னால் ஒரு ஜெனரேட்டர்.

பழைய பஸ் பிளானை அடியில் வைத்து, மேலே டிரேசிங் பேப்பரை விரித்து, வேண்டியதை மட்டும் மசியால் இழுத்து எடுப்பது எங்கள் வழக்கம். இருக்கைகளை விட்டேன், கம்பிகளை விட்டேன். ஆனால் கூரையோரம் முன்னாலிருந்து பின்னால்வரை ஓடிய ஒரு புள்ளிக் கோட்டைக் கை பழக்கத்தில் இழுத்துவிட்டது. அதுதான் பஸ் மணி. இறங்குகிறவர்கள் அழுத்தும் நீளமான ரப்பர் பட்டை. எந்த இடத்தில் அழுத்தினாலும் ஓட்டுநர் தலைக்கு மேல் 'டிங்' என்று கேட்கும். ஒரு மணி என்றால் நிறுத்து, இரண்டு என்றால் போ.

வயர் இழுக்கும் வேலை என் மச்சானுடையது. என் மனைவியின் அண்ணன். பீடோர் பக்கம் ஒரு தோட்டத்து ரப்பர் ஆலையில் இஞ்சின் பார்த்தவர். தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்று, லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். நான்தான் முதலாளியிடம் பேசிச் சேர்த்துவிட்டேன். மாதக் கடைசியில் வேலை நிரந்தரமானதும் பெண்டாட்டி பிள்ளைகளை ஈப்போவுக்கு அழைத்துவருவதாக இருந்தார். நிதானமான மனிதர். பிளானோடு வந்து ஒழுங்காகவே கேட்டார்.

"மாப்ளே, மேல ஒரு புள்ளிக் கோடு ஓடுதே, இது இந்த வண்டிக்கும் வேணுமா?"

நான் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "பிளான்ல இருக்குல்ல மச்சான், போடுங்க லா."

போட்டார். பட்டையைச் சட்டத்துக்குள் அழகாகப் பதித்து, வண்டி பேட்டரியிலிருந்து தனி வயரும் கொடுத்திருந்தார். அப்போதாவது நான் அண்ணாந்து பார்த்திருக்கலாம்.

ஓட்டிப் பார்க்கும் நாளில் படையின் அதிகாரி வந்தார். மலாய்க்காரர், விறைப்பான சட்டை, அதைவிட விறைப்பான முகம். எங்கள் பட்டறை ஓட்டுநர் முன்பு இருபது வருடம் பஸ் ஓட்டியவர். அவர் முன்னால் இருக்க, அதிகாரி, முதலாளி, மச்சான், நான் நால்வரும் பின்னால் உட்கார்ந்து கோப்பெங் பக்கம் போனோம். ஒரு வளைவில் அதிகாரி பிடிமானத்துக்காகக் கையை மேலே கொண்டுபோனார்.

டிங்.

ஓட்டுநர் பஸ் நிறுத்தத்தில் ஒதுக்கி, பூப்போல நிறுத்தினார். அங்கே காய்கறிக் கூடையோடு நின்ற ஓர் அக்கா பக்கக் கதவைத் தானே இழுத்துத் திறந்து ஏறி, கூடையை வரைபட மேசைமேல் வைத்து, அதிகாரியைப் பார்த்துக் கேட்டார்: "கோப்பெங் பசார் போகுமாண்ணே?"

அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. ஆனால் விஷயம் புரிந்துவிட்டது. "நான் கேட்டது கட்டளை வண்டி" என்றார் மலாயில், ஒவ்வொரு சொல்லாக.

முதலாளியின் முகம் சிவந்தது. "மணி போட்டது யார்?"

"நான்தான் தவுக்கே" என்றார் மச்சான். சொல்லிவிட்டு என்னை ஒருமுறை பார்த்தார். நான் அப்போதுதான் முதல்முறையாகப் பார்ப்பதுபோல இண்டர்காம் சுவிட்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பட்டையை எடுக்கக் கூரையையே பிரிக்க வேண்டும். அதற்கு நேரமில்லை என்று, 'தொடாதே' என ஒரு தாளை ஒட்டி அதிகாரி வண்டியை எடுத்துப்போனார். மச்சானை முதலாளி வயரிங்கிலிருந்து எடுத்து, பஸ் தகரத்தில் பூசிய பட்டி மாவை உப்புத்தாளால் தேய்க்கும் வேலைக்கு அனுப்பினார். நிரந்தரம் பற்றி அப்புறம் பார்க்கலாம் என்றார். லயத்தில் அவர் பெண்டாட்டியும் பிள்ளைகளும் மூட்டை கட்டி வைத்துக் காத்திருந்தார்கள்.

வீட்டில் மனைவி சோற்றைப் போட்டபடியே ஆரம்பித்தாள். "எங்கண்ணன் தலையெல்லாம் மாவு கொட்டின மாதிரி வாராரு. அவரா தோணி மணி வச்சாரா, இல்ல உங்க பிளான்ல இருந்திச்சா?"

"குழம்புல உப்பு கம்மியா இருக்கே" என்றேன்.

"உப்பு குழம்புல கம்மியா இல்ல" என்று சொல்லிவிட்டு எழுந்துபோனாள்.

மூன்று மாதம் இப்படியே போனது. ஒவ்வொரு காலையும் இன்று சொல்லிவிடலாம் என்று கிளம்புவேன். முதலாளி என்னைப் பார்த்துச் சிரித்தால் மின்விசிறி ஞாபகம் வந்துவிடும்.

வருடக் கடைசி மழை முடிந்த பிறகு அதே அதிகாரி பட்டறைக்கு வந்தார். பாகான் செராய் பக்கம் வயல்வெளியில் வெள்ளம். வாய்க்கால் கரைமேல் போகும் பாதையில் வண்டியைப் பின்னால் எடுத்திருக்கிறார்கள். மழையில் ஜெனரேட்டர் நின்றுபோனதால் இண்டர்காம் செத்துவிட்டது. கரை உடைந்திருப்பதைப் பின்கண்ணாடி வழியாகப் பார்த்து அதிகாரி கத்தினாராம். என் அருமையான பலகைச் சுவர் ஒரு சத்தத்தையும் விடவில்லை. கையை ஓங்கிப் பட்டையில் அறைந்திருக்கிறார். டிங். பின்சக்கரம் உடைப்பிலிருந்து ஒரு சாண் தள்ளி நின்றதாம். உள்ளே ஆறு பேர்.

"அடுத்த இரண்டு வண்டியிலும் அந்த மணி வேண்டும்" என்றார் அதிகாரி. "அதை வைத்தவர் யார்?"

என் வாய் தானாகத் திறந்தது. அன்று திறக்காத அதே வாய். அதற்குள் உப்புத்தாளும் கையுமாக நின்ற மச்சான் மலாயில் முந்திக்கொண்டார்.

"பிளான் வரைந்தது எங்கள் மாப்பிள்ளைதான், துவான். நான் கோட்டைப் பார்த்து வயர் இழுத்தேன், அவ்வளவுதான்."

அதிகாரி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். முதலாளி முதுகில் தட்டினார். பக்கத்தில் மச்சான் புருவமெல்லாம் வெள்ளையாகத் தூசி படிந்து, கிண்டலே இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கு அவமானமாக இருந்தது. அந்த ஒரு வார்த்தையை அன்று நான் சொல்லியிருந்தால் அவருடைய பிள்ளைகள் எப்போதோ ஈப்போவுக்கு வந்திருப்பார்கள்.

"அந்தக் கோடு பஸ் பிளானிலிருந்து தவறி வந்தது" என்றேன். "வேணுமா என்று இவர் வந்து கேட்டார். பார்க்காமலே போடச் சொன்னது நான்தான். இவர் மேல் தப்பே இல்லை."

அதிகாரி வயிறு குலுங்கச் சிரித்தார். முதலாளி சிரிக்கவில்லை. மறுநாள் மச்சான் வயரிங்குக்குத் திரும்பினார். அந்த மாதமே வேலை நிரந்தரமாகி, லயத்துச் சாமான் எல்லாம் ஒரு லோரியில் ஈப்போ வந்து சேர்ந்தது. என் மின்விசிறி வர மேலும் இரண்டு வருடமானது.

அதன் பிறகு விருந்து, விசேஷம் என்று எங்கே கூடினாலும், நாலு பேர் நடுவில் நான் கட்டளை வண்டி வரைந்த பெருமையை எடுத்து விடுவதுண்டு. மச்சான் விரலால் மேசையில் ஒரே ஒரு தட்டு தட்டுவார். நான் நிறுத்திவிடுவேன்.