பாண் வேனை விட்டு இறங்காதவன்

பேக்கரியில் சுடுகிற பாண் பழசானால் அதற்கென்று ஒரு வாசனை உண்டு: கொஞ்சம் புளிப்பு, கொஞ்சம் கருகல். உடப்புசல்லாவைத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டு நாங்கள் கினிகத்தேனைக்குக் குடிபோனது அந்த வாசனைக்குள் உட்கார்ந்துதான். அங்கே ஒரு கடையில் டிரைவர் வேலை கிடைத்திருந்த அப்பா, முதலாளியின் ஓய்ந்துபோன பாண் வேனைக் கேட்டு வாங்கிவந்து, பாதித் தட்டுகளைக் கழற்றி, மேலே சட்டிபானை, கீழே நாங்கள் என்று அதை ஒரு வீடாக்கியிருந்தார். வழிநெடுக ஆட்கள் பாண் வாங்கக் கைகாட்ட, அக்கா பதிலுக்குக் கையாட்டிச் சிரித்துக்கொண்டே வந்தாள். எனக்குச் சிரிக்க நேரமில்லை. எட்டு வயதில் நான் துப்பறிந்துகொண்டிருந்தேன்.

எல்லோருடைய சாமானும் ஒன்றாகக் கலந்து கிடக்க, என் வெள்ளைச் சட்டையும், ஆணியால் என் பெயர் கீறிய சாப்பாட்டுத் தட்டும் மட்டும் தனியாக ஓர் "உரபேக்"கில், அதாவது பழைய உரச்சாக்கில், கட்டப்பட்டிருந்தன. போதாததற்குக் காலையில் அம்மா எனக்கு மட்டும் முட்டை பொரித்துக் கொடுத்தாள். காரணமில்லாமல் முட்டை கொடுக்கிற குடும்பமல்ல எங்களுடையது. வழியில் கொட்டகலையில் அத்தை வீடு. அதற்குப் பக்கத்தில் பெரிய பள்ளிக்கூடம். என்னை அங்கே விட்டுவிட்டுப் போகப்போகிறார்கள்!

"எங்கப்பா நிப்பாட்டுவீங்க?"

"டீ குடிக்க நிப்பாட்டுவோம். ஏன்டா?"

"சும்மாதான்."

நானுஓயாவில் மூத்திரம் பெய்யக்கூட நான் முழுதாக இறங்கவில்லை. ஒரு காலை வேனுக்குள் வைத்தபடியே சமாளித்தேன்.

கொட்டகலையில் ரோட்டோரமே அத்தை நின்றாள். "எறங்குடா ராசா, ஒனக்கு ரொட்டி சுட்டு வச்சிருக்கேன்."

முட்டைக்குப் பிறகு ரொட்டியா? பாண் தட்டின் இரும்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அப்பா என் காலைப் பிடித்து இழுத்தார்.

"என்னய விட்டுட்டுப் போறீங்க! எனக்குத் தெரியும்!"

"படிக்கத்தானடா சாமி," என்றாள் அம்மா, என்னைப் பார்க்காமல்.

கூட்டம் கூடிவிட்டது. "அழுகய அப்புறம் பாத்துக்கலாம், பாண் இருக்கா இல்லயா?" என்றார் ஒருவர்.

அக்காவின் படிப்பு உடப்புசல்லாவையோடு சரி, இனி வீட்டு வேலைதான் என்பது யாரும் பேசாமலே முடிவாகியிருந்த சங்கதி. அவள் என் உரபேக்கைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள்.

"நான் இருக்கேன்ப்பா. அத்த, ரொட்டி எனக்குத்தான்."

அப்பா அவளை வெகுநேரம் பார்த்தார். பிறகு வேனை எடுத்தார். ஜெயித்துவிட்டேன் என்று ஹட்டன் வரைக்கும் சிரித்தேன். ஹட்டன் தாண்டி யாரோ பாணுக்குக் கைகாட்டினார்கள். பதிலுக்குக் கையாட்ட வேனில் ஆள் இல்லை.

அந்த வேன் எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டது. அப்பாவும் அம்மாவும்கூட இப்போது இல்லை. அக்கா கொட்டகலையிலேயே டீச்சர். நான் கினிகத்தேனையில் ஹயருக்கு வேன் ஓட்டுகிறேன். வாழ்க்கையில் நான் சரியாகச் சந்தேகப்பட்டது அந்த ஒரு தடவைதான். அதனால் என்ன கிடைத்ததென்று பாருங்கள். அவள் வாசலில் நிறுத்தி ஹோர்ன் அடித்தால் வெளியே வந்து, "இப்பயாச்சும் எறங்குறியாடா?" என்பாள். உள்ளே, என் பெயர் கீறிய அதே தட்டில் சோறு. சோற்றின் மேல் பொரித்த முட்டை. கை வைக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

"சாப்புடுடா," என்பாள் அக்கா. "ஒன்னய எங்கயும் விட்டுட்டுப் போக மாட்டேன்."