தண்டல் சொன்னால்தான் படகு

துறைமுகக் குமாஸ்தா என்றால் கப்பலைப் பார்த்துக்கொண்டு காற்று வாங்குகிறவன் என்று நினைப்பவர்களை ஒரு நாள் என் நாற்காலியில் உட்காரவைக்க வேண்டும். மேலதிகாரிக்கும் வேலை செய்கிறவனுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கிய புதிது. கடலுக்குள் நீண்டிருந்த சரக்குப் பாலம் புயலில் போய்விட்டது, புதுப் பாலம் வரவில்லை. கப்பல் தள்ளி நிற்கும். காகித ஆலைக்கு வரும் மரக்கூழ்ப் பொதிகளைச் சலங்கு என்ற பெரிய படகுகளில்தான் கரைக்குக் கொண்டுவருவோம்.

உட்கார்ந்திருப்பதும் வேலை

படகின் தலைவருக்குத் தண்டல் என்று பெயர். எங்கள் தண்டல் காத்தவராயன், வைத்திக்குப்பத்துக்காரர். மணலில் குந்தி அலையைப் பார்ப்பார். அவர் எழுந்தால்தான் படகு இறங்கும். புதிதாக வந்த அதிகாரிக்கு இது பொறுக்கவில்லை. கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டிக் கத்தினார். காத்தவராயன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அலைக்கு உங்க ஆபீசு மணி தெரியாதுங்க சார். இன்னிக்கு வேணாம்."

நீட்டிய நோட்டு

தண்டல் வேண்டாம் என்ற பிறகும் படகை இறக்கச் சொல்பவர், பொறுப்பு தன்னுடையது என்று நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் துறைமுகத்தின் பழைய வழக்கம் அது. வாசகம் பிரெஞ்சில் இருக்கும். அதிகாரிக்குப் பிரெஞ்சு தெரியாது. படித்துச் சொல்லட்டுமா என்று கேட்டேன்.

"அதெல்லாம் வேணாம்யா, எங்க போடணும்?"

செல்லாத எழுத்து

அதிகாரி கையெழுத்துப் போட்டார், காத்தவராயன் படகை இறக்கினார். கப்பலில் பொதிகளை ஏற்றிக்கொண்டு திரும்பி வரும்போது கரையோரத்தில் படகு கவிழ்ந்தது. துடுப்புக்காரர் ஒருவருக்குக் கை முறிந்தது. பொதிகள் ஊறிப்போய் ஒதுங்கின. காத்தவராயனின் கவனக்குறைவு, லைசென்சை ரத்து செய்ய வேண்டும் என்று அதிகாரி எழுதினார். விசாரணையில் நான் நோட்டைத் தூக்கி மேசைமேல் வைத்தேன். பிரெஞ்சுக் காலத்து நோட்டெல்லாம் செல்லாது என்று தள்ளிவிட்டார்கள். காத்தவராயனின் லைசென்சும் பிரெஞ்சில் எழுதியதுதான். அதைப் பிடுங்குவதற்கு மட்டும் அந்த பாஷை நன்றாகச் செல்லுபடியானது! இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

அதைவிட எரிச்சல் என்மேலேயே. ரத்து உத்தரவை எழுதச் சொன்னார்கள். பேனாவை வீசிவிட்டு வெளியே வந்திருக்கலாம். வரவில்லை, அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தேன். வாசலில் நின்ற காத்தவராயன் அதை வாங்கி மடித்து மடியில் செருகிக்கொண்டார்.

"அலை படகத்தான் கவுத்துச்சி சார். என்னை நீங்க கவுத்துட்டீங்க."

நனைந்த பொதிகளை ஆலைக்காரர்கள் காயவைத்துக் காகிதமாக்கிக்கொண்டார்கள். அன்றைக்கு எங்கள் துறைமுகத்தில் வீணாய்ப் போன ஒரே சரக்கு, அலையைப் படிக்கத் தெரிந்த அந்த மனிதர்தான்.