இரண்டு வாட்டுக்கு ஒரு ஸ்பீக்கர்

கும்மிடிப்பூண்டியில் இரும்புத் தகட்டை இடித்து வளைக்கும் பிரஸ் ஷாப்பில் வேலை பார்ப்பவனுக்கு, பழைய ரேடியோ மாதிரி கண்ணாடி வால்வு வைத்த ஆம்ப்ளிஃபயர் ஆசை வரக்கூடாது. எனக்கு வந்தது. நானே உட்கார்ந்து பற்றவைத்துக் கட்டினேன். மொத்தமே இரண்டு வாட். "நைட் லேம்பே அஞ்சு வாட்டுபா" என்று பக்கத்து மெஷின்காரர் சிரித்தார்.

இரண்டு வாட்டுக்குக் கண்ட ஸ்பீக்கரும் ஒத்துவராது. கொஞ்சம் கரண்டுக்கு நிறையச் சத்தம் தர வேண்டும். கனத்த சத்தத்துக்கு ஊஃபர், கீச்சுச் சத்தத்துக்கு ட்வீட்டர் என்று பாகப்பிரிவினை செய்யாமல் ஸ்பீக்கரின் ஒரே கூம்பு முழுப் பாட்டையும் பாடினால் நடுவில் எதுவும் வீணாகாது. ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தள்ளி எவ்வளவு கேட்கும் என்று டெசிபலில் ஒரு எண் போட்டிருப்பார்கள். ஜாதகம் பார்ப்பது மாதிரி அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் வாங்கியது எண்பத்தெட்டு. முணுமுணுத்தது. அடுத்தது தொண்ணூற்றிரண்டு. அதில் 'சாமி' என்று பாடினால் 'ஆமி' என்று கேட்டது. கடைசியாகப் பொதட்டூர்பேட்டையில் கல்யாணங்களுக்கு மைக்செட் கட்டுகிறவரிடம் சொல்லிவைத்து, எட்டு இஞ்ச் காகிதக் கூம்பு ஒரு ஜோடி பிடித்தேன். தொண்ணூற்றாறு! தச்சரிடம் அளவு கொடுத்துப் பெட்டியும் செய்தாயிற்று. இதுவும் சரிவராவிட்டால் ஆம்ப்ளிஃபயர் பரணுக்குப் போய்விடும் என்று மனைவிக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். ஆறு மாத உழைப்பு.

தீர்ப்பு சொல்ல, ஞாயிறு காலை நாஷ்டாவுக்கு ஷாப் ஆட்கள் இருவரைக் கூப்பிட்டேன். மெஷின் இடிக்கும் சத்தத்துக்குக் கம்பெனி தரும் இயர்பிளக்கைத் தாலி மாதிரி கழுத்தில் தொங்கவிட்டு, சேஃப்டி ஆபீசர் வரும்போது மட்டும் காதில் செருகுகிற கூட்டம் நாங்கள். பாட்டைப் போட்டேன். இட்லியைக் கையில் வைத்துக்கொண்டு கவனமாகக் கேட்டார்கள்.

"வாய்ஸ் சூப்பரா கீதுபா. சவுண்டுதான் பத்தல" என்றார் ஒருவர்.

"இன்னும் கொஞ்சம் வை" என்றார் மற்றவர்.

குமிழை ஏற்கெனவே கடைசிவரை திருகியிருந்தேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போது நான்கு வீடு தள்ளி இருப்பவர், சர்ச்சுக்குக் கிளம்பிய கோலத்தில், காதைப் பொத்திக்கொண்டு உள்ளே வந்தார். "இன்னாக்கா, ஊட்ல விசேஷமா? ரோடு முனை வரிக்கும் கேக்குது. எங்களுக்கு ஒரு வார்த்த சொல்லவே இல்ல" என்று என் மனைவியிடம் கத்தினார்.

மனைவி பாட்டை நிறுத்திவிட்டு என் எதிரே வந்து நின்றாள். "ஸ்பீக்கர் நல்லாத்தான் கீது. உங்க மூணு பேரு காதுதான் பூடுச்சி."

நண்பர்கள் இருவரும் இட்லியைக் குனிந்து பார்த்தார்கள். நான் அசடு வழிந்தேன். அவள் விடவில்லை.

"பத்து வருஷமா நான் கத்திக்கினுதான் பேசறேன். நீங்க அத கோவம்னு நெனச்சிக்கினு கீறீங்க."

அப்படித்தான் நினைத்திருந்தேன். எதற்கென்றே தெரியாமல் எத்தனையோ தடவை மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். சில நாள் பதிலுக்கு நானும் கத்திவிட்டு, வாரக்கணக்கில் முகம் கொடுக்காமல் இருந்திருக்கிறேன். அன்றெல்லாம் அவள் சாப்பிட வாங்க என்றுதான் சொல்லியிருப்பாள்.