அட்டையில் நின்றுபோன சிவப்பு வரி

கோரிமேட்டில், ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது என் சட்டைப் பையில் பழுத்துப்போன ஒரு டிஸ்பென்சரி அட்டை இருந்தது, என் மகளுடையது. முப்பது வருடம் பத்திரமாக வைத்திருந்தது. எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் அதில் சிவப்பு மையில் இருந்த வரி மனப்பாடம்: பென்சிலின் ஆகாது. நான் சொல்லச் சொல்ல, மகள் கோமதிதான் இந்தக் கதையை எழுதுகிறாள்.

அவளுக்கு அப்போது எட்டாம் மாதம். மூத்திரப் பரிசோதனையில் ஒரு கிருமி தெரிந்தது. பிரசவத்தில் அது குழந்தைக்குத் தொற்றினால் உயிருக்கே ஆபத்தாகலாம் என்றார் டாக்டரம்மா. வலி எடுத்ததும் பென்சிலின் (கிருமியைக் கொல்லும் மருந்து) ஏற்றுவதுதான் நல்லதாம். மாற்று மருந்து உண்டு. அதை அவ்வளவு நம்ப முடியாதாம்.

"அவளுக்கு ஆகாதும்மா" என்று அட்டையை நீட்டினேன்.

"ஆகாதுன்றத வுடுங்கய்யா. அன்னிக்கு என்ன நடந்துச்சு? அதச் சொல்லுங்க."

அது மில் சங்கு ஊதிய காலம். நான் தறியில் இருந்தேன். மூன்று நாள் காய்ச்சலில் கிடந்த நாலு வயதுக் கோமதியை சைக்கிள் பாரில் உட்காரவைத்து டிஸ்பென்சரிக்கு மிதித்தேன். வழியில் ரொட்டிக் கடை வாசனை. அந்தக் காய்ச்சலிலும் ரொட்டி கேட்டாள். ஒரு கடி கடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். அந்தச் சூடு இன்னும் உள்ளங்கையில் இருக்கிறது. கம்பவுண்டர், எங்கள் ஊரைப் பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலத்து ஆள். பென்சிலின் ஊசி போட்டார். மறுநாள் முகமெல்லாம் சிவப்பு. தூக்கிக்கொண்டு ஓடினேன். "அத்தான்சியோன்!" (கவனம்) என்று விரலை ஆட்டிவிட்டு சிவப்புப் பேனாவை எடுத்தார்.

"மூச்சுத் திணறுச்சா? ஒதடு வீங்குச்சா?"

"இல்லம்மா."

"வீட்டுக்குப் போயி என்ன செஞ்சீங்க?"

கோமதியைப் பார்த்தேன். பிறகு சொன்னேன். என் மனைவி குழந்தையின் காதுக்குப் பின்னால் பார்த்துவிட்டு, "ஊசியும் இல்ல ஒண்ணும் இல்ல. ஆத்தா வந்திருக்கா. வெளிய மூச்சு வுடாத" என்றாள். தட்டம்மை. வாசலில் வேப்பிலை செருகினாள். அம்மையை ஆஸ்பத்திரியில் சொன்னால் ஆத்தாளுக்குக் கோபம் வரும் என்று நம்பினோம். தலைக்குத் தண்ணீர் ஊற்றி, கூழ் வார்த்து முடித்தோம். கம்பவுண்டரிடம் யாரும் போய்ச் சொல்லவில்லை. சிவப்பு வரி நின்றுபோனது. போன இடமெல்லாம் அதையே சொல்லிச் சொல்லி, வேப்பிலையை நானே மறந்துவிட்டேன்.

"எந்த டாக்டர் கேட்டாலும் எனக்கு முன்னாடி நீதானப்பா பதில் சொல்லுவ!" என்றாள் கோமதி. சிரித்தாள். கையை மட்டும் வயிற்றிலிருந்து எடுக்கவில்லை.

"அம்மையா இருந்திருக்கலாம். பாத்துத்தான் சொல்லணும்" என்றார் டாக்டரம்மா.

தோல் பரிசோதனை (முன்கையில் துளி மருந்து வைத்துக் குத்திப் பார்ப்பது) செய்தார்கள். பிறகு கொஞ்சமாக மருந்து கொடுத்துப் பக்கத்திலேயே நின்றார்கள். இதை யாரும் வீட்டில் முயல வேண்டாம். அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பது வருடம் ஒரு பக்கம், அந்த அரை மணி நேரம் ஒரு பக்கம். தோல் தோலாகவே இருந்தது.

பிரசவத்தன்று பென்சிலின்தான் ஏறியது. பேத்தி நல்லபடியாகப் பிறந்தாள்.

போன வாரம் அவளுக்குத் தடுப்பூசி. "பாப்பாவுக்கு எதுனா ஒத்துக்காதா, தாத்தா?" என்று நர்சம்மா கேட்டார். பழக்கத்தில் வாயைத் திறந்துவிட்டேன். கோமதி என்னைப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியாதும்மா" என்றேன். "அவ அம்மாவக் கேளுங்க."