திறந்திருந்த ரயில்வே கேட்

யுத்த காலம் அது. திண்டிவனத்தில் கோர்ட்டு குமாஸ்தாவாக இருந்தேன். ஊருக்கு வெளியே இருந்த என் வீட்டிலிருந்து தினமும் சின்னக்கண்ணுவின் ஒற்றை மாட்டு வண்டியில்தான் வேலைக்குப் போவேன். வழியில் ஒரு ரயில்வே கேட். நான் போகிற நேரம் பார்த்து ஏதாவது ஒரு பட்டாள ரயில் வரும், கேட்டைச் சாத்திவிடுவார்கள். தாமதமானால் தலைமை குமாஸ்தா எல்லார் முன்னாலும் என் பெயருக்கு நேரே சிவப்புக் கோடு போடுவார். வண்டிக்குள் நான் வெந்துகொண்டிருப்பேன். சின்னக்கண்ணுவோ இறங்கிப் போய், மாட்டின் கழுத்தடியைச் சொறிந்துகொண்டே, கல்யாண வீட்டுக்கு வந்தவன் மாதிரி சிரித்துக்கொண்டிருப்பான். அந்தச் சிரிப்பைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு நாள் அதிசயமாகக் கேட் திறந்திருந்தது.

"ஓட்டு, ஜல்தி!" என்று கத்தினேன்.

கேட்டின் முன்னால் வந்ததும் மாடு நின்றுவிட்டது. அதட்டியும் நகரவில்லை. ஆத்திரத்தில் இறங்கி ஓடி, குடைக்காம்பால் அதன் முதுகில் ஓங்கி அடித்தேன்.

"அடிக்காதீங்க அய்யா!" என்று சின்னக்கண்ணு குறுக்கே வந்தான். "அது ரயிலுக்கு நிக்கலீங்க. தெனமும் இங்கதானே சொறிஞ்சி வுடறேன்? அதுக்குத்தான் நின்னுக்கினு இருக்குது."

அடிபட்ட பிறகும் மாடு கழுத்தை நீட்டிக்கொண்டுதான் நின்றது. அவன் சொறிந்துவிட்டான். கண்ணை மூடிக்கொண்டது. பிறகு தானாகவே நடந்தது.

அன்று நேரத்துக்குப் போய்விட்டேன். சிவப்புக் கோடு இல்லை. ஆனாலும் நாள் முழுக்க என் மேலேயே எரிச்சலாக இருந்தது. ஒரு வருஷமாக அந்தக் கேட்டில் மூன்று பேர் நின்றிருக்கிறோம். ரயிலுக்காக நின்றது நான் ஒருவன்தான்.