அழித்த தழும்பு

பஸ்ஸில் போகிறவன் ஒரு போஸ்டரைப் பார்ப்பது நாலு விநாடிதான். அதற்குள் அவன் கண்ணைப் பிடித்துவிட வேண்டும். முகம் பெரிதாக இருக்கணும், எழுத்து குறைவாக இருக்கணும். மஞ்சளுக்கு மேலே கறுப்பு, சிவப்புக்கு மேலே வெள்ளை. படத்தில் இருக்கிறவர் நேராகப் பார்த்தால், பார்க்கிறவனும் ஒரு கணம் நிற்பான். தூத்துக்குடியில் பதினைந்து வருடமாகப் போஸ்டர் டிசைன் செய்கிறேன். இதெல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. அந்தத் திமிர்தான் என்னைக் கெடுத்தது.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. யார் படம் வந்தாலும் முதலில் முகத்தை வெளுக்க வேண்டும். மச்சம், பரு, சுருக்கம் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை ஒன்றை மாட்டிவிட வேண்டும். அதை யாரும் கேட்டு வாங்குவதில்லை. ஆனால் செய்யாமல் கொடுத்துப் பாருங்கள், “எங்க மாமாவ ஏன் அண்ணாச்சி இப்படிக் கருக்கி வச்சிருக்கிய?” என்று கடைக்கே சண்டைக்கு வந்துவிடுவார்கள்.

ஒருநாள் காலையில் முத்தையாபுரத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். அவளுடைய அப்பா உப்பளத்தில் வேலை பார்த்தவர். ரெண்டு வருடமாக ஞாபகம் தப்பிப்போய், பெற்ற மகளையே யாரென்று கேட்கிறவர். முந்தின நாள் வீட்டை விட்டு இறங்கியவர் திரும்பவில்லை. செல்போனில் ஒரே ஒரு படம் வைத்திருந்தாள். உப்புக் குவியலுக்கு முன்னால் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார். வெந்து கறுத்த முகம். இடது புருவத்தை இரண்டாக வெட்டிக்கொண்டு ஒரு தழும்பு.

“எல்லாருக்கும் தெரியுத மாதிரி போடுங்க அண்ணாச்சி” என்றாள்.

தெரிகிற மாதிரிதான் போட்டேன். முகத்தை வெளுத்தேன், சுருங்கிய கண்ணைத் திறந்துவிட்டேன், சட்டை மாட்டினேன். தழும்பை அழிக்கப் பத்து விநாடிகூட ஆகவில்லை. மேலே சிவப்புப் பட்டையில் ‘காணவில்லை’. உப்பளக்காரர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஆகிவிட்டார். அவள் திரையைப் பார்த்து, “அப்பா இப்படியொரு சட்ட போட்டு நான் பாத்ததே இல்ல” என்று அழுதாள். அந்த அழுகையை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். என் புத்தியை என்னவென்று சொல்வது!

பஸ் ஸ்டாண்டிலும் மார்க்கெட்டிலும் துறைமுகம் போகிற ரோட்டிலும் ஒட்டினார்கள். நல்ல போஸ்டர். நின்று படிக்காமல் யாரும் போகவில்லை. வண்டியில் போகும்போதெல்லாம் நானே வேகத்தைக் குறைத்துப் பார்த்துக்கொண்டேன்.

ஏழாம் நாள் உப்பளத்து வாய்க்காலில் அவர் உடல் கிடைத்தது.

கேள்விப்பட்டு வாய்க்கால் பக்கம் போனேன். அதற்குள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். திரும்பும் வழியில் ஒரு டீக்கடை. அதன் சுவரில் என் போஸ்டர். கடைக்காரர் தானாகவே பேச்செடுத்தார்.

“மூணு நாளு இங்கனதான் அண்ணாச்சி இருந்தாரு. இந்தச் செவுத்துல சாஞ்சுதான் உக்காந்திருப்பாரு. டீயும் பன்னும் குடுப்பேன்.”

“தலைக்கு மேலதான போஸ்டர் இருக்கு?”

“தெனமும் பாக்கேன். அது யாரோ வசதியான வீட்டு ஆளுன்னுல்லா நெனச்சேன். இவரு புருவத்துல வெட்டு உள்ள ஆளு. வீட்டுக்காரங்க தேடுதாங்கன்னு தெரிஞ்சா சும்மா விட்டிருப்பனா?”

டீயைப் பாதியில் வைத்துவிட்டு வண்டியை எடுத்தேன்.

மறுநாள் அவள் கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு வந்தாள். அவளிடம் எப்படிச் சொல்வது என்று ராத்திரி முழுக்கப் புரண்டிருந்தேன். சொல்ல வாயெடுத்தபோது, “டீக்கடைக்காரரு சொன்னாரு அண்ணாச்சி” என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

பழைய கோப்பைத் திறக்க எனக்கு மனம் வரவில்லை. அதே படத்தை அவள் போனிலிருந்து மறுபடியும் ஏற்றினேன். திரையில் முகம் பெரிதாக வந்தது. பழக்கதோஷத்தில் என் கை மவுஸை அந்தப் புருவத்துக்கே கொண்டுபோனது.

அவள் எட்டி என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“இதுலயாவது எங்கப்பா இருக்கட்டும்.”